விளக்கு வைக்கும் புரோக்கர்

என் தங்கை மலர்க்கொடியின் புருஷன் தாண்டவராயனுக்குப் பேய் பயம் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் பேய்தான் காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டும் என்று நான் கேலி செய்வேன். சிதம்பரத்தில் ஓர் உரக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், 2004 சித்திரையில் அதை உதறிவிட்டு மனை புரோக்கர் ஆனார். யூரியா விற்கத் தெரிந்தவனுக்கு அதைக் கொட்டுகிற மண்ணை விற்கத் தெரியாதா என்பது அவர் கேள்வி.

நான் தேவநாதன். கடலூரில் வீட்டுக்கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வசூல் பிரிவில் இருந்தேன். கடன் கொடுக்கும்போது சிரிப்பதற்கு அங்கே தனியாக ஆட்கள் உண்டு. திருப்பி வாங்கும்போது முறைப்பதற்கு என்னை வைத்திருந்தார்கள். அதனால் எனக்குக் கடுகடுப்பு கொஞ்சம் ஜாஸ்தி. மச்சானைப் பற்றிச் சொல்லும்போது அது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் தொழில் தொடங்கிய அந்த வருஷமே, டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் வந்தது. அதற்கப்புறம் மனை பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் நல்ல தண்ணீரா, பட்டா இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். கடல் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் போய்விடுவார்கள். பொய் சொன்னாலும் காற்றில் உப்பு வாசனை அடித்தால் போய்விடுவார்கள். கூட இருந்த புரோக்கர்கள் ஒவ்வொருவராகச் சோடாக் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை என்று ஒதுங்கினார்கள். மச்சான் மட்டும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தினமும் காலையில் கிளம்பினார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அவர் வேதம். அம்மிக்கு வலிக்குமா என்று அவர் யோசித்ததில்லை.

முதுநகரில் ஒரு வீடு இருந்தது. கடல் தண்ணீர் அந்தத் தெருவுக்கே வரவில்லை. ஆனால் அந்த வீட்டுக் குடும்பம் அன்று காலையில் லீவு நாளாயிற்றே என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. வீட்டுக்காரரின் அண்ணன் விற்கப் பார்த்தார். பாதி விலைக்குக்கூட ஆள் இல்லை. சாயந்திரமானால் அந்த வாசலைத் தாண்டாமல் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். மச்சான் அந்த அண்ணனிடம் போய், "சாவியக் குடுங்க, நான் குடியிருந்து காட்டறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த வழக்கம் ஆரம்பித்தது. ஒரு வண்டித் தட்டுமுட்டுச் சாமானோடு அவரும் என் தங்கையும் போய் இறங்குவார்கள். பால் காய்ச்சுவார்கள். மலர்க்கொடி காலையில் பெரிய கோலம் போட வேண்டும், சாயந்திரம் விளக்கு வைக்க வேண்டும், கொடியில் கலர் கலராகத் துணி காயப்போட வேண்டும், தெருவுக்கே தெரிகிற மாதிரி மீன் குழம்பு வைக்க வேண்டும், டிவியைச் சத்தமாக வைத்துச் சிரிக்க வேண்டும். ஆள் புழங்குகிற வீட்டுக்குத்தான் ஆள் வரும் என்பது மச்சானின் கணக்கு. கணக்கு பலித்தது. ஆடி முடிந்ததும் முதுநகர் வீடு விற்றுப்போனது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கமிஷன். அதிலிருந்து அவருக்கு விளக்கு புரோக்கர் என்று பெயர். தூக்கு மாட்டிக்கொண்ட வீடு, தீப்பிடித்த வீடு, கிணற்றில் விழுந்த வீடு என்று எங்கிருந்தோ தேடி வந்து சாவியைக் கொடுத்தார்கள்.

மலர்க்கொடி என்னிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறாள். முதுநகர் வீட்டில் போய் இறங்கிய அன்று, அடுப்படியில் ஒரு பெரிய குண்டானில் மாவு இருந்ததாம். இட்லிக்கு ஆட்டியது. மாசக்கணக்கில் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாளாம். "திங்கக்கிழமைக்குன்னு ஆட்டி வச்சிருக்கா அண்ணே. நான் சுரண்டிக் கொட்டறேன்" என்றாள்.

அவர்களுக்கு ஒரே மகள் எழிலரசி. இரண்டாவது வீட்டிலேயே அவள் இரவில் கத்தி எழ ஆரம்பித்தாள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். லீவு விட்டால் என் வீட்டுக்கு வருவாள், அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்குப் போக மாட்டாள். மலர்க்கொடி என் வீட்டுக்கு வந்து பெற்ற மகளைப் பார்த்துவிட்டுப் போவாள், விருந்தாளி மாதிரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. எழிலரசி வந்து தூங்குகிற மாதிரி சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர என் தங்கை வாழ்க்கையில் வேறு எதையும் கேட்டதில்லை.

மச்சானும் சும்மா இல்லை. இரண்டாயிரத்து ஆறு, ஏழில் தொழில் தலைகீழாக மாறியது. பெரிய ஆலை வருகிறது, மின்சார நிலையம் வருகிறது என்று பேச்சு. வயலை எல்லாம் வரப்போடு வாங்கி, வெள்ளையடித்த கல்லை நட்டு, வேனில் ஆட்களை ஏற்றி வந்து பிரியாணி போட்டு மனை விற்றார்கள். அந்தச் சூட்டில் அவரும் புதுச்சத்திரத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டார். வீட்டைக் கட்டிப் பார் என்கிறார்களே, நான் கட்டிக் காட்டுகிறேன் பார் என்று என் தங்கையைக் கூட்டிப்போய் அந்தக் கல்லைத் தொட்டுக் காட்டினார். 2008இல் எங்கேயோ அமெரிக்காவில் பாங்க் விழுந்தது என்றார்கள். புவனகிரியில் மனை விற்பது நின்றுபோனது. வெள்ளைக் கல்லைச் சுற்றி ஆடு மேய்ந்தது.

இப்படிச் சரிந்த காலத்தில்தான் புதுச்சேரியில் ஒரு மனைக் கம்பெனி தன்னம்பிக்கைக் கூட்டம் நடத்தியது. ஏசி ஹாலில் டை கட்டிய ஒருவர், தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நான் ஜெயிப்பேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாராம். எல்லோரும் எழுந்து கை தட்டினார்களாம். மச்சான் அதை மந்திர உபதேசம் வாங்கிக்கொண்டது போல வாங்கிக்கொண்டு வந்தார். ஜெயிப்பது இருக்கட்டும், முதலில் ஒரு மனை விற்றுக் காட்டுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபமும் வராது, சோர்வும் வராது. அந்தச் சோர்வில்லாமைதான் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. வியாபாரம் படுத்தால் மனுஷன் ஒருநாளாவது படுத்துக்கிடக்க வேண்டாமா.

அந்தச் சமயத்தில் கோவிந்தசாமி என்பவரின் வீட்டை எங்கள் கம்பெனி ஜப்தி செய்தது. புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரையில் செங்கல் சூளை வைத்திருந்தவர். ஊரெல்லாம் வீடு கட்டிய காலத்தில் அவர் கல்லுக்கு அடிதடி. அந்தத் தைரியத்தில் எங்களிடம் கடன் வாங்கி மாடி வீடு கட்டினார், வெளியே வட்டிக்கு வாங்கிச் சூளையைப் பெரிதாக்கினார். அப்புறம் வீடு கட்டுவது நின்றது. 2008 கார்த்திகையில் புயல் மழை. சுடாமல் அடுக்கி வைத்திருந்த பச்சைக்கல் மொத்தமும் கரைந்து சேறாகி ஆற்றோடு போனது. வட்டிக்காரர்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெள்ளம் வடிவதற்குள் ஒருநாள் கோவிந்தசாமியைக் காணோம். ஆற்றங்கரையில் அவர் சட்டையும் செருப்பும் கிடந்தன. தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவர் மனைவி திலகவதி சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு குமராட்சிப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தாய் வீடு என்று சொல்வதற்கு அங்கே கண் தெரியாத அம்மா மட்டும்தான். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

ஆற்றோடு போனவன் வீடு என்று யாரும் வாங்கவில்லை. இரண்டு தடவை ஏலம் போட்டும் கேட்க ஆள் இல்லை. மேனேஜர் தலையைச் சொறிந்தார். சாவி தாண்டவராயன் கைக்குப் போனது. இந்த வீடு விற்றால் வருகிற கமிஷனில் புதுச்சத்திரம் மனையில் அஸ்திவாரம், மீதிக்கு எங்கள் கம்பெனியிலேயே கடன் என்று மச்சான் மலர்க்கொடியிடம் சத்தியம் செய்தார். இதுதான் கடைசி வீடு என்றும் சொன்னார். என் தங்கை அந்தக் கடைசி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. கோவிந்தசாமி ஆசையாக வைத்தது. மச்சான் காலையில் குளித்துவிட்டு அதன் முன்னால் நின்று நான் ஜெயிப்பேன் என்பார். அந்த ஆள் வேஷ்டி கட்டிக்கொண்டு தலை சீவிய கண்ணாடி, அதன் முன்னால் நின்று பேசாதீர்கள் என்று மலர்க்கொடி கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. போகப்போக அவள் அந்தக் கூடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகப் பழகினாள். மற்ற வீடுகளில் செத்தவர்கள் செத்துப்போனவர்களாக இருந்தார்கள். இங்கே யாரோ பாதியில் எழுந்துபோன மாதிரி இருக்கிறது என்று ஒருதடவை சொன்னாள். நான் அதைப் பெண்பிள்ளை பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

சில மாசம் ஆயிற்று. ஓய்வுபெற்ற வாத்தியார் மணிவண்ணன் என்பவர் வந்தார். வீடு பிடித்தது, விலை பிடித்தது, காற்று பிடித்தது. அவர் மனைவி ஜோதிலட்சுமி அம்மாள்தான் வாசற்படியில் நின்றுகொண்டு ஒரே கேள்வி கேட்டார். ஆற்றோடு போனவருக்குக் கருமாதி நடந்ததா? நடக்கவில்லை என்றார் மச்சான். அப்படியானால் அந்த ஆன்மா இங்கேதான் சுற்றும், காரியம் முடித்துச் சொல்லி அனுப்புங்கள், மறுநாளே பணம் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

உடல் கிடைக்காதவருக்கும் காரியம் செய்ய வழி இருக்கிறது. வைக்கோலில் ஓர் உருவம் செய்து ஆற்றங்கரையில் கொளுத்திக் கருமாதி முடிப்பார்கள். ஆனால் திலகவதி அதற்குச் சம்மதிக்கவே இல்லை. தாலியும் கழற்றவில்லை, பொட்டும் அழிக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, புருஷனை முழுங்கிவிட்டு மினுக்குகிறாள் என்று ஜாடை பேசினார்கள். அவள் காதில் வாங்காமல் நாற்று நடப் போய்க்கொண்டிருந்தாள்.

மச்சான் குமராட்சி மினிபஸ் ஏறினார். முதல் தடவை திலகவதி தின்பண்டத்தைக்கூட வாங்காமல் அனுப்பினாள். அவர் மறுபடியும் போனார். மழையில் போனார், வெயிலில் போனார். பெண்ணுக்குக் கவுன் வாங்கிப் போனார், கண் தெரியாத அம்மாவுக்குச் சொட்டு மருந்து வாங்கிப் போனார். வீடு நல்ல விலைக்குப் போனால் கடன் அடைந்து கையிலும் கொஞ்சம் நிற்கும், காரியம் முடிந்துவிட்டால் வட்டிக்காரர்களும் தலைமுழுகிவிட்டுப் போவார்கள் என்று எடுத்துச் சொன்னார். எல்லாம் உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருத்தியை நெருக்கலாம் என்பது எனக்கு என் தொழிலிலேயே தெரியும். ஒவ்வொரு தடவையும் எழும்போது, "என்ன உன் கூடப் பொறந்தவனா நெனச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு வருவாராம். எல்லாப் புரோக்கரும் எல்லாப் பெண்ணிடமும் சொல்கிற வார்த்தை.

மாசி மாதம் அவள் சரி என்றாள். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். மச்சான் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மி நகர்ந்துவிட்டது என்றார். மலர்க்கொடி எழிலரசிக்குப் போன் போட்டு, அடுத்த வருஷம் லீவுக்கு நம்ம வீட்டுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை மதியம் அது நடந்தது. நான் அங்கே இல்லை. என் தங்கை சொல்லித்தான் தெரியும். மச்சான் சாப்பிட உட்காரப் போன நேரம். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நின்றார். தாடி, காவி ஏறிய வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. வீடு பார்க்க வந்தவர் என்று மச்சான் சிரித்துக்கொண்டே போனார். அந்த ஆள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு வித்துடுச்சிங்களா?" என்று கேட்டார்.

கூடத்தில் திலகவதி விட்டுப்போன கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. மச்சான் அந்த முகத்தைத் தினமும் பார்த்தவர். தாடிக்குள் அதே முகம். செத்தவர்கள் வீட்டில் படுத்துக் குறட்டை விட்ட மனுஷன், பட்டப்பகலில் கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மலர்க்கொடி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோவிந்தசாமி கேரளாவில் ஒரு சூளையில் கல் அறுக்கிறாராம். யாருக்கும் தெரியாது. வீடு விற்றுக் கடன் அடைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். மச்சானுக்கு வாய் வந்தபோது, வேறு எதுவும் வராமல், வியாழக்கிழமை உங்களுக்குக் கருமாதி என்பதுதான் வந்தது. அந்த ஆள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நடக்கட்டுங்க. அதுக்குத்தானே சட்டையக் கழட்டி வச்சிட்டுப் போனேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மூஞ்சில தெரிஞ்சிடும், வட்டிக்காரங்க மறுபடி வந்து உக்காந்துக்குவாங்க."

அவ்வளவுதான். திரும்பி பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார். தெரு முனை திரும்பும்வரை இருவரும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உள்ளே போட்ட சோறு ஆறிப்போனது.

மூன்று நாளும் மச்சான் கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. சொன்னால் வியாபாரம் போனது, வீடு போனது, எழிலரசி வருகிற வீடு போனது. அந்த ஆளும் மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் புருஷன் உயிரோடு இருக்கிற ஒருத்தி தாலி கழற்றப் போகிறாள். புதன்கிழமை சாயந்திரம் விளக்கு வைக்கப் போன மலர்க்கொடி, தீக்குச்சியைக் கிழித்து, அது விரலைச் சுடும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம். மச்சான் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வியாழக்கிழமை விடிய அவர் எனக்குப் போன் செய்து கூட வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. கருமாதிக்குப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். கொள்ளிடக் கரையில் கொஞ்சம் ஜனம். வைக்கோல் உருவத்துக்கு ஒரு பழைய சட்டை போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். திலகவதி தலை நிறையப் பூவோடு, முகத்தில் மஞ்சளோடு, ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக ஒருதடவை அலங்கரிப்பது வழக்கம். மச்சான் நேராக அவளிடம் போனார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் குனிந்து மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். யார் வந்தது, என்ன கேட்டது, சொல்லாதே என்று சொன்னது. நிறுத்திவிடும்மா என்றார்.

திலகவதி நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஒரு அழைப்பு வந்ததாம். இவளைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சூளைப் புகை ஏறிய நெஞ்சு, அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் கருமாதி வேண்டாம் என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றிருக்கிறாள். காரணத்தை யாரிடம் சொல்ல முடியும்?

அப்புறம் ஏன் சம்மதித்தாய் என்று மச்சான் கேட்டார்.

"நீங்கதானே விடாம வந்து சொன்னீங்க, முடிச்சிட்டா அவுங்க தலைமுழுவிட்டுப் போயிடுவாங்கன்னு. யோசிச்சுப் பாத்தேன், சரியாத்தான் பட்டுது. நான் தாலியோட இருக்கிற வரைக்கும் அவரத் தேடுவாங்க. கழட்டிட்டா விட்டுடுவாங்க."

அதற்குள் வயசான பெண்கள் இரண்டு பேர் வந்து, நேரமாகிறது, கோடி எங்கே என்று கேட்டார்கள். தாலி கழற்றுகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போட வேண்டும். அதைத்தான் கோடி என்பது. இவளுக்குத்தான் கூடப் பிறந்தவர் இல்லையே, பங்காளி யாராவது போடட்டும் என்று ஒருத்தி சொன்னாள். திலகவதி ஒரு பையிலிருந்து வெள்ளைப் புடவையை எடுத்தாள். தானே வாங்கி வைத்திருக்கிறாள். அதை மச்சானிடம் நீட்டினாள்.

"கூடப் பொறந்தவன்னு சொன்னீங்களேண்ணே. நீங்க போடுங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. மச்சான் புடவையை வாங்கினார். வாங்கும்போதே மடிப்பு கலைந்து மண்ணில் புரண்டது. யாரோ தட்டிக் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கிற ஒருவனின் மனைவிக்கு, அது தெரிந்தே, அவளுக்கும் அது தெரியும் என்று தெரிந்தே, தாண்டவராயன் கோடி போட்டார். அப்புறம் பெண்கள் சூழ்ந்துகொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வைக்கோல் சீக்கிரம் எரிந்துபோனது.

அடுத்த வாரம் வாத்தியார் பணம் கட்டினார். எங்கள் கம்பெனிக்கு அசலும் வட்டியும் வந்தன. கடன்காரன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை, நானும் சொல்லவில்லை. மீதிப் பணம் திலகவதிக்குப் போனது. வட்டிக்காரர்கள் ஒருதடவை குமராட்சிக்குப் போய் அவள் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்புறம் வரவில்லை. மச்சான் சொன்னது எல்லாமே பலித்தது. அதுதான் கொடுமை. பலிக்காமல் போயிருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

புதுச்சத்திரத்தில் வீடு எழும்பியது. மச்சான் வாங்குகிறவர்களிடம் பேசுவார், கையெழுத்து வாங்குவார், எல்லாம் செய்வார். ஆனால் விளக்கு வைக்கப் போவதை விட்டுவிட்டார். சாவி கொண்டுவருகிறவர்களிடம் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்வார். நான் கேலி செய்வதையும் விட்டுவிட்டேன்.

2011 ஆவணியில் கிரகப்பிரவேசம். புதுவீட்டுக்குள் முதல் விளக்கை ஏந்திக்கொண்டு வீட்டுக்காரரின் அக்காவோ தங்கையோ முன்னால் போக வேண்டும். மச்சானுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. என் மனைவி ஏந்தட்டும் என்று பேசி வைத்திருந்தோம். காலையில் மினிபஸ்ஸிலிருந்து மலர்க்கொடி இறங்கினாள். முந்தின நாளே குமராட்சி போயிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை. கூடவே, சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திலகவதி. நெற்றி வெறுமையாக இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது. புதுவீட்டுக்கு, அதுவும் விளக்குக்கு, இவளா என்று என் மனைவியே என் முழங்கையை இடித்தாள்.

மலர்க்கொடி யாரையும் பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்தாள். "கோடி போட்டீங்கல்ல. அப்ப அவ எனக்கு நாத்தனாருதான்" என்றாள். இதுவரை என் தங்கை அவரிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

திலகவதி விளக்கோடு உள்ளே போனாள். எழிலரசி அவள் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு போனாள். பால் பொங்கியது. அதற்கப்புறம் முணுமுணுத்தவர்களும் வரிசையில் உட்கார்ந்து வடையைக் கடித்தார்கள்.

பந்தி முடிந்து, கிளம்புகிற நேரத்தில் திலகவதி மச்சானைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை வருஷமாக வைத்திருந்த கேள்வி என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அன்னிக்கு மதியம் வந்தார்னு சொன்னீங்களேண்ணே. சாப்பிட்டாரா?"

மச்சான் என்னைப் பார்த்தார். அப்புறம் அடுப்படி ஜன்னலைப் பார்த்தார். அங்கே மலர்க்கொடி நின்றிருந்தாள். உள்ளே வாங்க என்று அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"சாப்பிட்டாரும்மா" என்றார் மச்சான். "மலருதான் போட்டா. மீன் கொழம்பு. ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

திலகவதி முகம் மலர்ந்துபோனது. காரம் ஜாஸ்தி இருந்தால் தொடமாட்டாரே என்றாள். காரம் கம்மிதான் என்றார் மச்சான். "அது போதும்ணே" என்று சொல்லிவிட்டு, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தாள்.

அந்த மார்கழியில் அடித்த புயலில் அக்கம்பக்கத்துத் தென்னை எல்லாம் விழுந்தது, வீடு நின்றது. மனை வியாபாரம் மறுபடி படுத்தது, மச்சான் மறுபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறார். எழிலரசி லீவுக்கு அங்கே போகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். நானும் அவ்வப்போது மதியத்தில் போவேன். தட்டில் சோறு விழுந்ததும் மச்சான் எழுந்துவிடுவார். கேட்டைத் திறந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். யாருங்க என்று மலர்க்கொடி கேட்பதில்லை. அவள் பானையைத் திறந்து, இன்னொரு ஆளுக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து மூடி வைப்பாள். வெகுநேரம் கழித்து அவர் திரும்பி வருவார், ஆறிய சோற்றைப் பிசைவார். அவர் வரும்வரை நானும் கையை வைக்க மாட்டேன்.